நல்ல தண்ணியில் கழுவிய வண்டி

ஜக்கம்மாளின் மகனுக்குப் பெண் அமையாததில் ஜாதகத்தின் மேல் தப்பில்லை, பையன் மேலும் தப்பில்லை. எல்லாம் தண்ணீர் செய்த வேலை. எண்பத்து மூன்றாம் வருடம் திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுப்பதென்றால் பெற்றவர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்தார்கள். லாரித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருதரம் வரும், வராமலும் போகும். வருகிற அன்றைக்குக் குடத்தோடு குடம் இடித்துத் தொடங்கும் சண்டையில் இரண்டு பக்கத்து மூதாதையரும் தெருவுக்கு இழுக்கப்படுவார்கள். "எம் பொண்ணு கொடத்தத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலையவா?" என்று கேட்டுவிட்டு நிலக்கோட்டைக்காரர்கள் எழுந்து போனார்கள். அடுத்து வந்த சேவுகம்பட்டிக்காரர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. அடுப்படியில் காய்ந்து கிடந்த தொட்டியை எட்டிப் பார்த்தார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்கள்.

மகன் சுருளிவேல் பால் சங்கத்தில் சூப்பர்வைசர். கிராமம் கிராமமாகப் போய்ச் சங்கங்களைப் பார்த்து வருகிற வேலை. அதற்கென்று ஒரு கறுப்பு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். புருசன் போய்ச் சேர்ந்த பிறகு இவன் ஒருவனைக் கரையேற்றினால் போதும் என்று இருந்தவளுக்கு, கரையேற்றத் தண்ணீர் இல்லாமல் போனது.

மூன்றாவதாக அமைந்தது சித்தையன்கோட்டை. பெண்ணின் அப்பா மலைச்சாமிக்குத் தென்னந்தோப்பும், எந்தக் கோடைக்கும் அடங்காத ஒரு கிணறும் உண்டு. பெண் சூர்யகலா பத்தாவது வரை படித்தவள். பெண் பார்த்தாகிவிட்டது, பிடித்தும்விட்டது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவது ஒன்றுதான் பாக்கி. அது நல்லபடியாக முடிந்தால் வைகாசியில் கல்யாணம்.

சனிக்கிழமை பார்த்து நத்தம் பக்கம் கோடைமழை கொட்டியது. திண்டுக்கல்லுக்குத் தண்ணீர் வரவேண்டிய ஆத்தூர்ப் பக்கம் ஒரு பொட்டு விழவில்லை. மழைக்கு அந்த விவஸ்தையெல்லாம் எப்போதும் கிடையாது. நத்தம் போயிருந்த சுருளிவேல் பொழுது சாய வீடு திரும்பியபோது ராஜ்தூத்தின் நிறம் என்ன என்று சொல்ல முடியாதபடி செம்மண் அப்பியிருந்தது. மட்கார்டுக்குள் இருந்த சேற்றில் ஒரு பிடி நெல் நட்டிருக்கலாம்.

"நாளைக்குக் காலையில இதக் கழுவிரணும்" என்றாள் ஜக்கம்மாள்.

"எதுக்கும்மா? வண்டி கழுவக் கூடாதுன்னு முனிசிபாலிட்டிக்காரன் மைக்குல கத்திக்கிட்டுப் போறான். கழுவுனா குழாயப் புடுங்கிருவானாம்."

"நமக்குக் குழாயே இல்ல. எதப் புடுங்குவான்?"

"பால் சங்கத்துக்காரன் வண்டி சேறாத்தாம்மா இருக்கும். அவுகளுக்குத் தெரியாதா?"

"சேறு இருக்குன்னு அவுக சொல்ல மாட்டாக அப்பு. கழுவத் தண்ணி இல்லன்னு சொல்வாக."

வண்டியைக் கூட்டாளி வீட்டில் விட்டு வருகிறேன் என்றான். வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி இல்லையா என்று கேட்டால் என்ன சொல்வது என்றாள். வீட்டுக்குள் ஏற்றவும் முடியாது. மூன்று படி, குறுகின வாசல். இதில் ஜக்கம்மாளைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டு தடவை சூடு பட்டவள் அவள். வாசலில் நிற்கிற வண்டிதான் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் என்று அவள் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது, அதுதான் கஷ்டம்.

மறுநாள் விடிந்ததும் தெருமுனை அடிபம்பில் உப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கும் பக்கத்து ஆரோக்கியம்மாள் வீட்டுக்கும் நடுவில் இருந்த முடுக்கில் வண்டியை நிறுத்தி, தாயும் மகனும் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். சேறு போய்விட்டது. வெயில் ஏறி வண்டி காய்ந்ததும் டேங்க், மட்கார்டு, ஹாண்டில்பார் எல்லா இடத்திலும் உப்புப் பூத்தது. ராஜ்தூத் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு நின்றது. துணியால் துடைத்தால் போவதும், செத்த நேரத்தில் திரும்பப் பூப்பதுமாக இருந்தது. சேற்றோடு இருந்தாலாவது மழையைச் சொல்லித் தப்பிக்கலாம். இப்போது இந்தத் தெருவில் உப்புத் தண்ணீர்தான் என்று வண்டியே எழுதி ஒட்டிக்கொண்டு நின்றது.

வீட்டில் நல்ல தண்ணீர் மூன்று குடம் இருந்தது. அடுத்த லாரி என்றைக்கு வருமோ, அதுவரைக்கும் அதுதான் குடிக்க, உலை வைக்க. ஜக்கம்மாள் குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஆரோக்கியம்மாள் ஒரு சொம்போடு வந்தாள்.

"அக்கா, ஒரு சொம்பு நல்ல தண்ணி இருக்குமா? அவருக்குக் காய்ச்ச விடல. உப்புத் தண்ணியில கஞ்சி வச்சாக் கொமட்டிக் கொமட்டி எடுக்குறாரு."

"இல்லையே ஆரோக்கியம். எனக்கே இல்ல" என்றாள் ஜக்கம்மாள்.

சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவசரத்துக்கு அரிசி, உப்பு, புளி என்று இவள் எது கேட்டாலும் ஆரோக்கியம்மாள் இல்லையென்று சொன்னதில்லை. இன்றைக்கு ஒருநாள் கழியட்டும், நாளைக்கு எங்கேயாவது வாங்கி ஒரு குடமாகவே கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆரோக்கியம்மாள் வெறும் சொம்போடு திரும்பிப் போன பிறகு முதல் குடத்தைத் தூக்கினாள்.

"வேண்டாம்மா" என்றான் சுருளிவேல்.

"நீ துணியப் பிடி."

இரண்டரைக் குடம் போனது. வண்டி கண்ணாடிபோல் ஆனது. கழுவிய தண்ணீர் முடுக்கு வழியாக ஓடி, ஆரோக்கியம்மாள் வாசலைத் தொட்டுக்கொண்டு தெருவில் இறங்கியது. ஜக்கம்மாள் அந்த ஓட்டத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. மீதி அரைக்குடத்தை விருந்தாளிகளுக்கென்று மூடி வைத்தாள். மூன்று பேர் வருவார்கள், தாராளமாகப் போதும்.

வந்தது எட்டுப் பேர். பதினோரு மணி வெயிலில் வாடகை வேன் ஒன்று தெருவுக்குள் நுழைந்தது. தோப்பிலிருந்து வருகிற வழியில் வாய்க்காலில் இறங்கி ஏறியிருக்கும்போல, அதன் சக்கரமெல்லாம் களிமண். மலைச்சாமி முதலில் இறங்கினார். அவருடைய அக்கா வீரலட்சுமி, மற்ற உறவுக்காரர்கள் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

மலைச்சாமி நேரே வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்ற ராஜ்தூத்தின் டேங்கில் ஒரு விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார்.

"உப்பே பூக்கலையே. நல்ல தண்ணியில கழுவியிருக்காக" என்று அக்காவிடம் சொன்னார்.

கதவுக்குப் பின்னால் நின்ற ஜக்கம்மாளுக்கு இது காதில் விழுந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மலைச்சாமி திரும்பிப் போய் வேன் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வண்டியை நிழலில் போடச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர். அதுதானே முறை. எட்டுப் பேரும் வெயிலில் வந்தவர்கள். அரைக்குடம் அங்கேயே தீர்ந்தது. ஜக்கம்மாள் பதறவில்லை. காப்பிக்குப் பதிலாகக் கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வரச் சுருளிவேலை அனுப்பினாள். பேச்சு சுகமாகப் போனது. வீரலட்சுமிக்கு வீடு பிடித்திருந்தது. மாப்பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசுகிற விதமும் பிடித்திருந்தது.

"ஊர்ல நாலு பேரு நாலு விதமாச் சொன்னாக மதினி" என்றாள் அவள். "தண்ணியில்லாக் காட்டுல கொண்டுபோயிப் பிள்ளையத் தள்ளாதீகன்னு. நேர்ல வந்து பாத்தாத்தான தெரியுது."

"ஊருக்குத்தான் பஞ்சம் மதினி. நம்ம வீட்டுக்கு என்ன?" என்றாள் ஜக்கம்மாள்.

சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டான். வைகாசி முகூர்த்தங்களைப் பற்றிப் பேச்சுத் திரும்பியது. வீரலட்சுமி கலரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இனிப்பு தொண்டையிலேயே நிக்குது. செத்த தண்ணி குடுங்க மதினி."

"இந்தா வாரேன்" என்று உள்ளே போன ஜக்கம்மாள் குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பொட்டுத் தண்ணீர் இல்லை. கேட்கிற ஒரே இடம் ஆரோக்கியம்மாள் வீடுதான், அங்கேயும் நல்ல தண்ணீர் இல்லையென்று அவளுக்குத் தெரியும். தெருவில் யாரிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்று சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்கதவு வழியாக முடுக்கில் நடந்தாள்.

முடுக்கு முடிகிற இடத்தில் நின்றுவிட்டாள். தெருவில் வேன் டிரைவர் ஸ்தனிஸ்லாஸ் ஒரு பித்தளைக் குடத்தைச் சாய்த்து வேனின் பின்சக்கரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தான். களிமண் கரைந்து ஓடியது. பக்கத்தில் நான்கு காலிக் குடங்கள், வாயில் வேடு கட்டியிருந்த துணிகள் அவிழ்ந்து கிடந்தன. எதிர்ச் சாரி வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏந்தம்பி, இது ஏது தண்ணி?"

"மலைச்சாமி அய்யா தோட்டத்துத் தண்ணிம்மா. உங்க வீட்டுக்குக் குடுக்கணும்னுதான் ஆறு கொடம் கட்டி ஏத்துனாரு. திண்டுக்கல்லுல கஷ்டப்படுறாகளேன்னு. இங்க வந்து பாத்தா நீங்க வண்டியவே நல்ல தண்ணியில கழுவி வச்சிருக்கீக. இவுகளுக்குப் போயித் தண்ணி கொண்டாந்தோம்னா கேவலமா நெனைப்பாக, திரும்ப ஏத்திக்கிட்டு அலையாத, வேனக் கழுவி விட்டுருன்னுட்டாரு."

ஐந்து குடம் தோட்டத்துத் தண்ணீர் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. ஆறாவது குடம் வேடு அவிழ்க்காமல் வேனுக்குள் இருந்தது. அதை எனக்குக் கொடு என்று கேட்டால் கல்யாணம் போய்விடும். கேட்காவிட்டால் வீரலட்சுமிக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லை. ஆரோக்கியம்மாளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அந்த ஒரு கொடத்த ஊத்தாத. இந்தா, இவுக வீட்டுல காய்ச்சக்காரவுக இருக்காக. இவுகளுக்குக் குடு" என்றாள் ஜக்கம்மாள்.

ஸ்தனிஸ்லாஸ் குடத்தைக் கொண்டுபோய் ஆரோக்கியம்மாள் வாசலில் இறக்கிவிட்டு வேனைத் துடைக்கப் போனான். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜக்கம்மாள் முந்தானையிலிருந்து சொம்பை எடுத்து நீட்டினாள். ஆரோக்கியம்மாள் சொம்பைப் பார்த்தாள், முடுக்கில் இன்னும் காயாத ஈரத்தைப் பார்த்தாள். பிறகு வேடு கட்டிய துணியை அவிழ்த்துச் சொம்பை நிறைத்தாள்.

"குடுங்கக்கா. காத்திருப்பாக."

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் ஜக்கம்மாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வீரலட்சுமி அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்தாள். மூன்றாவது மடக்கை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறந்ததிலிருந்து அவள் குடித்து வளர்ந்தது ஒரே கிணறு. சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஏலே மலைச்சாமி. இது நம்ம கெணத்துத் தண்ணி."

மலைச்சாமி ஒரு வாய் ஊற்றிப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போய், காலிக் குடங்களையும் பக்கத்து வீட்டு வாசலில் இருந்த குடத்தையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எட்டுப் பேரும் ஜக்கம்மாளைப் பார்த்தார்கள். இனி ஒளிக்க எதுவும் இல்லை.

"வீட்டுல இருந்தது மூணு கொடம்ண்ணே" என்றாள் அவள். "வண்டிக்கு ஊத்திட்டேன். நீங்க தண்ணியில்லன்னு சொல்லிட்டுப் போயிருவீகளோன்னு பயந்துட்டேன்."

"இல்லன்னு தெரிஞ்சுதானம்மா கொடத்துல கட்டிக் கொண்டாந்தோம்" என்றார் மலைச்சாமி. அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "மாசத்துக்கு ரெண்டு தரம் வண்டியில அனுப்பி விடலாம்னுகூடப் பேசிக்கிட்டு வந்தோம்."

வீரலட்சுமி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீக. வேற என்னென்ன இப்படிக் கழுவி வச்சிருக்கீகளோ, எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சுருளிவேல் வாயைத் திறந்தான். தன்னைப் பற்றித் தானே நல்லவிதமாகச் சொல்வதை இனி யார் நம்புவார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும், மூடிக்கொண்டான்.

மரியாதையாகத்தான் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். கொண்டுவந்த பூவையும் பழத்தையும் தாம்பாளத்திலேயே விட்டுப் போனார்கள். வைகாசியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பளபளவென்று வேன் தெருவைத் தாண்டிப் போகிறவரை சுருளிவேல் வாசலில் நின்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயோ நடந்து போனான்.

வீரலட்சுமி வைத்துவிட்டுப் போன சொம்பில் பாதித் தண்ணீர் இருந்தது. காலையிலிருந்து விருந்தாளிகளுக்கு வேண்டுமே என்று ஜக்கம்மாள் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தச் சொம்பை எடுத்துக் குடித்தாள். உப்பில்லாமல், கிட்டத்தட்ட இளநீர்போல இருந்தது. ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தாள். இன்னும் ஒரு சொம்பு கிடைத்தால் தேவலை என்று நினைத்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.