இளநீர்க் கடைக்குப் பின்னால்

வாரத்தில் மூன்று நாள் பீட்டர் தன் அக்கா ஏஞ்சலினைத் திருப்பாச்சூரிலிருந்து திருவள்ளூருக்கு வண்டியில் கூட்டிப்போவான். நான்கு மணி நேரம் அவள் ரத்தம் மிஷினுக்குள் போய்ச் சுத்தமாகி வரும். அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். இதற்காகவே கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் ஷிஃப்டை மாற்றிக்கொண்டான். தம்பி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று சர்ச்சில் அவனைத்தான் காட்டிப் பேசினார்கள்.

அவர்களுக்குத் தெரியாது. போன வருடம் அவன் கிட்னி அக்காவுக்குப் பொருந்தியது. டாக்டர் அவனைத் தனியாக உட்காரவைத்து, "உங்களுக்கு முழுச் சம்மதமா?" என்று கேட்டார். பீட்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி. உங்க அக்காகிட்ட, உங்க உடம்பு ஒத்துவராதுன்னு மட்டும் சொல்லிடறோம்" என்றார் டாக்டர்.

பெண்டாட்டி தடுத்தாள் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கத்திக்குப் பயந்தான். அவ்வளவுதான்.

அன்று சித்திரை வெயில். டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் பீட்டருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சிறுநீர் பிரிவதே நின்றுபோனதால் அக்காவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான், மாத்திரைக்கும் சேர்த்து. இளநீர் வாயில் வைக்கவே கூடாது, நெஞ்சு நின்றுபோகும் என்று நர்ஸ் மிரட்டியிருந்தாள். அதனால் அவள் எதிரில் அவன் எதுவும் குடிப்பதில்லை. ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினான்.

"ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துடறேன்க்கா."

"போ. நான் போயி ரெண்டு வருஷம் ஆவுது. எனக்கும் சேத்துப் போய்ட்டு வா."

பக்கத்தில் இருந்த இளநீர்க் கடைக்குப் பின்னால் நின்று ஒரே மூச்சில் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஏஞ்சலின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வழுக்கை இருந்துச்சா?"

"இன்னாக்கா?"

"சட்டையெல்லாம் ஊத்திக்கினு வந்து நிக்கிற. வழுக்கை இருந்துச்சான்னு கேட்டேன்."

"இருந்துச்சு."

"துன்னியா?"

"இல்ல."

"துன்னுட்டு வர்றதுதான. காசு குடுத்த இல்ல."

அவன் சாவியைப் போட்டான். திருப்பவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்.

"எங்கிட்ட ஒளிஞ்சிக்கினு குடிக்காதடா. உனுக்கு ஒளிக்கத் தெரியாது. அன்னிக்கி டாக்டர் ரூம்லேர்ந்து வெளிய வந்தப்பவும் இதே மூஞ்சியத்தான் வச்சிக்கினு வந்த."

பீட்டர் பாதி திரும்பினான்.

"அக்கா, நான்..."

அவள் காத்திருந்தாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டிய கையால், எப்போதும் போல அவன் தோளைப் பிடித்திருந்தாள். அந்தக் கையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கிட்னியை இப்போது கொடுக்கிறேன் என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அது அவனுக்குத் தெரிந்தது. நாக்கில் இளநீரின் இனிப்பு இன்னும் இருந்தது.

"வெயிலு கொளுத்துதுடா" என்றாள் ஏஞ்சலின்.

பீட்டர் வண்டியை எடுத்தான்.