சாமத்தியவீட்டன்று நடந்த இறுதி ஆட்டம்

யாதவி பெரியபிள்ளையானது பெப்ரவரியில். சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் கிடைத்ததோ ஜூன் இருபத்திரண்டாம் திகதிதான். கனடாத் தாய்மாமனுக்கும் அந்தக் கிழமைதான் லீவு. எல்லோருக்கும் சொல்லி முடிந்த பிறகு, மே கடைசியில் அவளுடைய பேஸ்போல் அணி இறுதி ஆட்டத்துக்குத் தெரிவானது. அதுவும் அதே ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. அணியில் பந்தெறிபவள் அவள்தான்.

அவள் பயப்படவில்லை. அப்பா இருக்கிறார் அல்லவா? சுவிஸில், டீட்டிகோனில் பார்சல் பிரிக்கும் வேலையிடத்தில் ஒரு டொமினிக்கன் நண்பனிடமிருந்து தொற்றிய பேஸ்போல் பைத்தியம் அவருக்கு. ஊர்ச் சனம் கிரிக்கெட் பார்க்கும்போது அப்பா ஜெகதீஸ்வரன் மட்டும் இதைப் பார்ப்பார்.

"உதென்ன அண்ணை, அடிச்சுப்போட்டுச் சுத்திச் சுத்தி ஓடுறது?" என்று யாராவது கேட்டுவிட்டால் அரை மணித்தியாலம் விளக்கம்தான். ஆறு வயதில் அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனவரும் அவரே. "அப்பனும் மோளும் ஒரு கட்சி," என்று அம்மா புனிதவதி நொடிப்பாள்.

"அப்பா, திகதியை மாத்தச் சொல்லி அம்மாட்டைக் கதையுங்கோ."

"கதைக்கிறன், பிள்ளை."

மூன்று கிழமையாக இதே பதில். கடைசி வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனாள். பயிற்சியாளர் அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"சுளுக்கு எப்படி இருக்கு? உங்க அப்பா பத்து நாளுக்கு முதலே போன் பண்ணிச் சொன்னாரே. லேனா எறியட்டும், நீ ஓய்வெடு."

கை நன்றாகத்தான் இருந்தது. அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "இன்னும் நோகுது," என்றாள்.

ஞாயிறு இரண்டரை மணி. மண்டப வாசலில் மச்சான்மார் இரண்டு வரிசையாக நின்று பேஸ்போல் மட்டைகளை உயர்த்திப் பிடித்தார்கள். கூறைச் சேலையோடு அவள் அவற்றுக்குக் கீழே நடந்து வந்தாள். மேடையில் மைதான வடிவத்தில் பச்சைக் கேக். சனம் கைதட்டியது.

"எப்பிடி மோள்? எல்லாம் அப்பான்ர யோசனை," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "இனி உந்த விளையாட்டெல்லாம் சரிவராது தானே, நீ பெரியபிள்ளை. அதுதான் உன்ர ஆசைக்கு ஒருக்கா வடிவாச் செய்துவிட்டம்."

அவர் மனமாரத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீடியோக்காரர் ஒரு புதுப் பந்தை அவளிடம் நீட்டினார். "தங்கச்சி, கமராவைப் பாத்து எறியிற மாதிரி ஒரு போஸ்."

அவள் அந்தப் பந்தை வாங்கி அப்பாவின் கையில் வைத்தாள்.

"நீங்களே எறியுங்கோ. எனக்குக் கை சுளுக்கெல்லோ."

ஜெகதீஸ்வரனின் முகம் ஒரு கணம் செத்துப்போயிற்று. பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"பிள்ளைக்கு வெக்கம்," என்றார்.

மண்டபமே சிரித்தது. வெட்கப்படுவதுதான் படத்துக்கு வடிவென்று, மேக்கப் போட்டுவிட்ட இந்திரா மாமி அவளுடைய தலையை இன்னும் கொஞ்சம் குனியவைத்தாள். வீடியோக்காரர் கிட்டவந்து அதை எடுத்தார்.