ரப்பர் கிண்ணத்தில் வைத்த பொட்டு

கட்டபெட்டில் அந்த ஒர்க்ஷாப் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் பொன்னாயிக்குக் கோபம் வந்துவிடும். இருக்கிறதை நீயே போய்ப் பார்த்துக்கொள், இருந்ததைச் சொல்கிறேன் கேள் என்பாள். அவள் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் எழுபத்தைந்தாம் வருஷத்து ஆயுதபூசையில்தான் வந்து நிற்பாள். அந்த நாளை நினைத்தால் அவளுக்கு வெட்கமும் வரும், சந்தோஷமும் வரும்.

பொன்னாயியும் அவள் புருஷன் ஆண்டியும் சிலோனில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு சர்க்காரும் கூடிப் பேசி, இன்னார் இந்தியாவுக்கு, இன்னார் இங்கேயே என்று பிரித்தபோது இவர்கள் பங்கு இந்தியா. எழுபத்து மூன்றில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் மூன்று வாரம் வெயிலில் வெந்து, நீலகிரி மலையில் கட்டபெட்டுக்கு வந்து இறங்கியபோது குளிர் முகத்தில் அறைந்தது. "அப்பாடா, நம்ம ஊரு குளிரு" என்றான் ஆண்டி. பொன்னாயி அன்றைக்குத்தான் முகாமுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். ஆனால் இங்குள்ளவர்களுக்கு அவர்கள் சிலோன்காரர்கள். அங்கே இந்தியாக்காரர்கள், இங்கே சிலோன்காரர்கள். என்னத்தைச் சொல்ல!

ஒர்க்ஷாப்பில் தேயிலை ஃபாக்டரிகளுக்கு வேண்டிய சாமான்கள் செய்தார்கள். கொழுந்து வாட்டும் தொட்டி, டிரையர், இப்படி. எல்லாம் இரும்புத் தகட்டு வேலை. எட்டடி நீளம், நாலடி அகலம். ஒரு தகடு இரண்டு நெல்மூட்டைக் கனம் இருக்கும். அதை நாலு பேர் சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தூக்க வேண்டும். ஓரமெல்லாம் கத்தி. ஆண்டிக்குக் கிடைத்தது அந்த வேலை. பொன்னாயிக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை. குடியிருக்க ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் ஓர் அறை. சிலோன் தோட்டத்து வரிசை வீடுகளின் பெயரால் பொன்னாயி அதை லயம் என்றுதான் சொல்வாள். வேலை போனால் லயமும் போகும்.

சேர்ந்த இரண்டாம் மாசமே தகடு நழுவி ஆண்டியின் வலது உள்ளங்கையைக் கிழித்தது. கோத்தகிரியில் ஏழு தையல் போட்டார்கள். தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியை இருபது வருஷம் பிடித்த கையில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இங்கே வந்து இரண்டு மாசத்தில் இப்படி. அந்த ராத்திரிகளில் பொன்னாயி புருஷனுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். காயம் ஆறியதும் மறுபடி அதே தகடு, அதே சாக்கு. காலையில் அவன் வேலைக்குப் போகும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள்.

அப்போதுதான் அந்த மிஷின் வந்தது. அதைக் கொண்டுவரச் செய்தவர் கொர்னேலியஸ். தகட்டுப் பகுதிக்கு மேஸ்திரி. மாதா கோயில் மணியடித்தால் வேலையை நிறுத்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிற கத்தோலிக்கர். அவருடைய இடதுகையில் இரண்டு விரல் கிடையாது. வாலிபத்தில் ஒரு தகடு வாங்கிக்கொண்டது. மேனேஜர் குமாரசாமியை இரண்டு வருஷம் நச்சரித்து, காற்றால் தகட்டைத் தூக்குகிற மிஷின் ஒன்றை வரவழைத்துவிட்டார்.

மேலே தண்டவாளத்தில் ஓடுகிற செயின் கப்பி. அதன் கீழே இரும்புச் சட்டம் ஒன்று. சட்டத்தின் நாலு மூலையிலும் சோற்றுத் தட்டு அகலத்துக்கு நாலு ரப்பர் கிண்ணங்கள், கவிழ்ந்த வாக்கில். கம்ப்ரசர் காற்றைத் திறந்துவிட்டால் அது ஒரு குறுகலான குழாய்க்குள் சீறிக்கொண்டு ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் கிண்ணத்துக்குள் இருக்கிற காற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கிண்ணம் தகட்டைக் கவ்விக்கொள்ளும். காற்றை ஊதிக் காற்றை உறிஞ்சுகிற மிஷினை ஆண்டி நம்பவே இல்லை. முதல் நாள் அது தகட்டைத் தூக்கியபோது, அடியில் கயிறு ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் போய்க் கொர்னேலியஸிடம் நல்ல வசவு வாங்கினான். தூக்கிய தகட்டுக்கு அடியில் தலையோ காலோ போகக் கூடாது என்பதுதான் அவர் சட்டத்தில் முதலாவது.

அவர் சட்டம் இன்னும் உண்டு. தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு, தூசு, துரு ஒன்றும் இருக்கக் கூடாது, துடைக்க வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பையும் விரலால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். நடுவில் பிடிக்க வேண்டும், ஓரமாகப் பிடித்தால் சாயும். காற்றைத் திறந்ததும் மீட்டரில் முள் பச்சைக் கோட்டைத் தொட வேண்டும். தொட்ட பிறகு நாலு விரற்கடை மட்டும் தூக்கி, பத்து எண்ண வேண்டும். முள் அசையாமல் நின்றால்தான் நகர்த்தலாம், அதுவும் முழங்காலுக்கு மேலே போகாமல். பக்கத்தில் யாரும் கை வைக்காமல், இரண்டடி தள்ளி நின்று கயிற்றால் திருப்ப வேண்டும். காற்று குறைந்தால் விசில் ஊதும். ஊதினால் யோசிக்காதே, இறக்கு. இதையெல்லாம் சுவரில் பலகை அடித்து வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். பெருக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்துப் பொன்னாயிக்கு எல்லாம் மனப்பாடம். அவர் பத்து எண்ணும்போது இவளும் துடைப்பத்தோடு நின்று மனசுக்குள் எண்ணுவாள். ஆண்டி கையில் இப்போது கயிறு மட்டும்தான். உள்ளங்கைத் தழும்பு மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. அந்த மிஷினைப் பார்த்தால் அவளுக்குக் கும்பிட வேண்டும்போல் இருக்கும்.

கும்பிடுகிற நாளும் வந்தது. மஸ்கெலியாவில் ஆயுதபூசை என்றால் ஸ்டோரில்தான். தேயிலை ஃபாக்டரியை அங்கே ஸ்டோர் என்பார்கள். கொழுந்து அரைக்கிற பெரிய ரோலருக்குப் பொட்டு வைக்கிற வேலை அவள் குடும்பத்துப் பெண்களுடையது. அம்மாவுக்குப் பிறகு அவள். ரோலரின் வாயில், கொழுந்தைக் கவ்வுகிற இடத்தில்தான் சந்தனத்தை அப்ப வேண்டும். உழைக்கிற இடத்துக்கல்லவா மரியாதை? கப்பலேறுவதற்கு முந்தின ஆயுதபூசையில் அவள் வைத்த பொட்டு, லயத்தைக் காலி செய்து கிளம்பிய அன்றைக்கும் லேசாக மிச்சமிருந்தது. அதை யார் துடைத்துப் போட்டார்களோ என்ற நினைப்பு முகாமில்கூட அவளை விடவில்லை.

இங்கே பூசையன்று குமாரசாமி தேங்காய் உடைத்தார், பொரிகடலை கொடுத்தார். பொட்டு வைக்கும் வேலையைப் பொன்னாயி கேட்டு வாங்கிக்கொண்டாள். லேத், டிரில்லிங் மிஷின், கத்தரிக்கிற மிஷின் எல்லாம் முடித்துத் தூக்குகிற மிஷினிடம் வந்தாள். சட்டம் இடுப்பு உயரத்தில் தொங்கியது. இதற்கு எங்கே வைப்பது? எது கவ்வுகிறதோ அங்கேதான். குனிந்து, ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் மூணு விரலால் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். எனக்குக்கூட இவ்வளவு சந்தனம் நீ பூசியதில்லை என்று ஆண்டி கேலி செய்தான். நீ என்ன இரும்பையா தூக்குகிறாய் என்று அவளும் விடவில்லை.

மறுநாள் காலை மிஷின்களை மறுபடி ஓட்டுகிற நல்ல நேரம். குமாரசாமி கற்பூரம் ஏற்றினார், எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். மழைக்கால ஈரத்தில் சந்தனம் மேலே காய்ந்து உள்ளே காயாமல் இருந்தது. முதல் தகட்டின் மேல் கிண்ணங்கள் உட்கார்ந்தன. காற்றைத் திறந்தார் கொர்னேலியஸ். முள் ஏறியது. பச்சைக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. அவர் முள்ளைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு தூக்கினார். பத்து எண்ணினார். நின்றது. முழங்கால் உயரத்துக்கு ஏற்றினார். ஆண்டி கயிற்றை இழுத்துத் திருப்பினான்.

விசில் வீலென்று ஊதியது. இறக்கக் கை போவதற்குள் ஒரு மூலை விட்டுவிட்டது. அப்புறம் தகடு மொத்தமும் சாய்ந்து, பக்கத்திலிருந்த மரத்தாங்கியை விறகாகப் பிளந்துகொண்டு தரையில் விழுந்தது. புகைபோல எழும்பிய தூசு அடங்கியபோது ஆண்டி இரண்டடி தள்ளி, கயிற்றைப் பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு நின்றான். கை இரண்டும் இருந்தன. பொன்னாயி எண்ணிப் பார்த்தாள்.

குமாரசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. நல்ல நாளில், முதல் தூக்கலில் இப்படியா? மிஷினை இன்றைக்கே கழற்றிப் பெட்டியில் போடு, நாளையிலிருந்து பழையபடி ஆள் வைத்துத் தூக்கு என்று சொல்லிவிட்டார். காரணம் என்னவென்று கேட்டதற்குக் கொர்னேலியஸ் ஒரே வார்த்தை சொன்னார்.

"என்ர கவனக் கொறைவுதானுங்க."

எல்லாரும் கலைந்தார்கள். பொன்னாயி பெருக்க வந்தாள். விழுந்து கிடந்த தகட்டின் மேல் அதைப் பார்த்தாள். நாலு இடத்தில் பிறை பிறையாக மஞ்சள் தடம், நடுவில் சிவப்பு. சந்தனம் வழுக்கி இழுத்த கோடு வேறு. தகட்டில் பிசுக்கு இருக்கக் கூடாது, விளிம்பில் தூசு இருக்கக் கூடாது, பலகையில் எழுதியிருக்கிறதே! மனப்பாடம் வேறு! பாவி, உன் கையாலேயே உன் புருஷன் கையை வெட்டப் பார்த்தாயே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு துணி போதும், துடைத்துவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு ஆண்டி மறுபடி சாக்கைச் சுற்றுவான். சொன்னாலோ, வேலை போகும், லயம் போகும்; மறுபடி டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? உதிர்ந்து கிடந்த மஞ்சள் துணுக்குகளை முறத்தில் வாரிக்கொண்டு அவள் பின்பக்கம் போனாள்.

பின்பக்கக் குழாயடியில் கொர்னேலியஸ் கிண்ணங்களைக் கழற்றி வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று முடிந்து நாலாவது கையில் இருந்தது. அவள் முறத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, இது நான் வச்சது."

"தெரியுமுங்க அம்மிணி. காத்தாலயே பாத்துப்போட்டேன்."

பார்த்துவிட்டு ஏன் துடைக்கவில்லை என்று அவள் கேட்டாள். அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடல் தாண்டி வந்து, இந்த மிஷினை உங்குளுதுன்னு நெனச்சு வெச்ச பொட்டு. நான் வேதக்காரன், வேற சாமி கும்புடறவன். என்ர கையால எப்புடிங்க அதை அழிக்கறது? முள்ளு ஒரு நூல்தானே கொறையுதுன்னு தூக்கிப்போட்டேன். தப்பு என்ரதுதான்."

இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை பொன்னாயிக்கு அப்போதுதான் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முறத்தை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். வேண்டாமுங்க அம்மிணி என்று அவர் பின்னாலேயே வந்தார். குமாரசாமியை அவள் சிலோன் பழக்கத்தில் தொரை என்றுதான் கூப்பிடுவாள். வேட்டி கட்டிய அவருக்கு அது கூச்சமாக இருக்கும். மேசை மேல் முறத்தை வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"என்னைய வேணும்னா நிப்பாட்டிருங்க தொரை. மிஷின கழட்டாதீங்க. கிண்ணத்த கழுவியாச்சு. அதே தகட்ட தூக்கச் சொல்லுங்க. கயித்த நான் புடிக்கிறேன்."

குமாரசாமி எழுந்து வந்தார். கிண்ணங்கள் துடைத்து மாட்டப்பட்டன. தகட்டிலிருந்த சந்தனத்தையும் துடைத்தார்கள். கொர்னேலியஸ் விளிம்புகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு பொன்னாயியையும் தடவிப் பார்க்கச் சொன்னார். ரப்பர் குளிர்ந்து வழவழவென்று இருந்தது. ஒரு மணல்கூட இல்லை. மூலை வளைந்த அந்தத் தகட்டை, வளைவை விட்டுத் தள்ளி, நடுவில் பிடித்தார். முள் பச்சைக் கோட்டைத் தொட்டு நின்றது. நாலு விரற்கடை. பொன்னாயி இரண்டடி தள்ளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினாள். பத்தில் நிறுத்தவில்லை. ஆண்டி பக்கத்தில் வந்து நின்றதும் அவளுக்குத் தெரியவில்லை. நூறு வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் மூச்சு விட்டாள். முள் அசையவே இல்லை.

"செரி, போய் வேலையப் பாரும்மா" என்றார் குமாரசாமி. அவ்வளவுதான். வேலையும் இருந்தது, லயமும் இருந்தது. வளைந்த மூலையை வெட்டிவிட்டு அந்தத் தகட்டில் ஒரு தொட்டிக்கு மூடி செய்துகொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பலகையில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது. சந்தனம், குங்குமம் மேல் சட்டத்தில் மட்டும் வைக்கவும் என்று கொர்னேலியஸ் கையெழுத்தில் எழுதியிருந்தது. அடுத்த ஆயுதபூசையில் சந்தனக் கிண்ணியை அவரே ஏந்திக்கொண்டு வந்து, சட்டத்தின் நடுவைத் துணியால் துடைத்து, இங்கே வையுங்கள் என்று காட்டினார். அவள் வைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் நாலு கிண்ணத்தையும் பளிச்சென்று துடைப்பார். துணி சட்டத்தின் நடுப்பக்கம் போகும்போது மட்டும் அந்தப் பொட்டைச் சுற்றிக்கொண்டு போகும். மார்கழிப் பனியில் வெளுத்து, தை மாசக் காற்றில் தானாக உதிர்கிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. பொன்னாயி பெருக்குகிற சாக்கில் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு போவாள். மஸ்கெலியா ரோலரில் விட்டு வந்த பொட்டை யார் துடைத்தார்களோ என்ற கவலை அந்த வருஷத்தோடு அவளுக்கு விட்டுப்போனது. அங்கேயும் யாராவது ஒருத்தர் துணியோடு வந்து, துடைக்க மனசில்லாமல் திரும்பிப் போயிருப்பார்கள் என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள்.