பச்சை மிளகில் ஒரு கனசதுரம்

மூன்று மாதம் பொத்திப் பொத்தி வளர்த்த படிகம் வெறும் உப்புதான் என்ற செய்தி, நாற்பதாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது நவநீதகிருஷ்ணனின் போனுக்கு வந்தது. மலை மிளகை ஆராய்ந்து முனைவராகப் போகிறவன் அவன். மிளகுச் சாற்றை வற்றவிட்டதும் கனசதுரமாகப் பளபளத்ததைப் புது மூலக்கூறு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அன்று மதியம் மலைமேலுள்ள அரியூர் நாட்டுப் பள்ளியில் அதைப் பற்றித்தான் பேச வேண்டும். தலைமை ஆசிரியை மெர்சி ஃபிளெக்ஸே அடித்துவிட்டார்.

அவனை வழிநடத்தும் பேராசிரியர் உடனே போனில் காரணம் கேட்டார். மிளகு கொடுத்த கண்ணாயி கலப்படம் செய்துவிட்டதாகச் சொன்னான். ஆராய்ச்சியில் அவன் இத்தனை சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்தது அதுவே முதல் முறை.

பள்ளியில் முதல் வரிசையில் கண்ணாயி புதுச்சேலையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை.

பேசினான். படிகத்துக்குள் எக்ஸ் கதிரை அனுப்பினால் சிதறிப் புள்ளி புள்ளியாக விழும்; அதைக் கணக்குப் போட்டால் எந்த அணு எங்கே நிற்கிறது என்று தெரியும். பென்சிலினின் உருவமும் மரபணுவின் முறுக்கும் இப்படித்தான் பிடிபட்டன. நூறு வருடத்துக்கு முன் ஓர் அப்பாவும் மகனும் முதன்முதலில் பிடித்தவற்றில் ஒன்று சாப்பாட்டு உப்பு. அங்கே வந்ததும் ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் கண்டுபிடிச்சதும் அதேதான்," என்றான். பிள்ளைகள் கைதட்டினார்கள். மெர்சி தட்டவில்லை.

கண்ணாயி எழுந்தார். "மொளகு வாங்க, சொன்ன நாளுக்குப் பத்து நாள் கழிச்சு வந்தீங்க கண்ணு. மொளகு கருத்துப் போயிருமுன்னு உப்புத்தண்ணில போட்டு வெச்சனுங்க. அப்பவே சொன்னனுங்களே. போன் பேசிக்கிட்டே தலையாட்டுனீங்க."

ஆட்டியது பஸ்ஸிலேயே அவன் நினைவுக்கு வந்திருந்தது. அதுதான் காதைச் சுட்டது.

அவர் பச்சை மிளகுப் பையை நீட்டினார். "இன்னைக்குச் சொன்ன நாள்ல வந்துட்டீங்க. அதான் உப்புப் போடலீங்க."

அவன் பையை வாங்காமல், எல்லார் முன்னாலும் பேராசிரியரைக் கூப்பிட்டான். "கலப்படம் எதுவும் இல்லீங்க சார். அந்தம்மா சொன்னாங்க, நான்தான் கேக்கல. காலைல சொன்னது பொய்."

"கலப்படம்னா சொன்னீங்க?" என்றார் கண்ணாயி.

"ஆமாங்க."

அவர் பையின் வாயை முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெர்சி நன்றியுரைக்கு ஆள் தேடினார்.