லியூ குளத்து இறால்

பௌர்ணமிக் கடலேற்றம் வடியத் தொடங்கியதும் கா மாவ் வாய்க்கால் நெடுக இறால் குளத்துக்காரர்கள் மதகுகளைத் திறந்து வலை கட்டினார்கள். லியூ மட்டும் ஏற்றத்தின் உப்புத் தண்ணீரைத் தன் குளத்துக்குள் விட்டதோடு மதகுப் பலகையை இறக்கி, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வியாபாரி டியெப்பின் ஐஸ் படகு வந்து கரையில் முட்டியது.

"லியூ அக்கா, பலகையத் தூக்கு. ஐஸ் கரையுது."

"கரையட்டும். அடைமழையில குளத்துல உப்பே இல்லாமப் போச்சு. ஓடு கழட்டின இறால் இன்னும் கொழகொழன்னு கிடக்கு. இப்பப் பிடிச்சா ஐஸுல தலை கறுத்துடும்."

"இன்னிக்கு விட்டா இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"வழி தெரியும்ல, போ."

அவள் கணவன் லோய் கையைப் பிசைந்தான். "குடுத்துரலாம்டி, எதுக்கு வம்பு?"

"போன தடவையும் இப்படித்தான் அவசரப்படுத்தினான். தலை கழண்டதும் என் குளத்துக்கே நோயின்னு ஊரெல்லாம் சொன்னான். மறுபடி அந்தப் பேரு வேணுமா?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு படகுத்துறையில் அவள் கூடையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டியெப் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஓடு இறுகும்வரை அவள் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் தீனியை நிறுத்தி, குடல் காலியானதும் வலை போட்டாள். துள்ளத் துள்ள ஐஸ் தண்ணீரில் அமுக்கி, பெட்டியைப் படகுத்துறைக்கே கொண்டுபோய் வைத்தாள். பழைய ஐஸ் கரையக் கரையப் புது ஐஸ் போட்டாள். வருகிறவர் போகிறவரெல்லாம் தினமும் மூடியைத் திறந்து, தலையைத் திருகிப் பார்த்தார்கள். நாலு நாளாகியும் ஒரு தலைகூடக் கறுக்கவில்லை. பௌர்ணமியன்று மற்றவர்கள் பிடித்த இறாலோ இரண்டே நாளில் நாறியிருந்தது.

டியெப்பும் வந்து குனிந்து பார்த்தான். "கெடாம இருக்கப் பொடி கலந்திருப்ப."

லியூ ஓர் இறாலின் தலையைத் திருகிப் பச்சையாகவே உறிஞ்சினாள். "இந்தா, நீயும் தின்னு."

டியெப் அதை வாங்காமல் பெட்டியை மூடினான். "சரி விடு அக்கா. மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேன், நல்ல விலைக்கு."

"மொதல்ல நோயின்னு சொன்னது பொய்யின்னு சொல்லு. எங்க சொன்னியோ அங்கயெல்லாம் போய்ச் சொல்லு."

"அது பழைய கதை. இப்ப எதுக்கு அதைக் கிளறுற?"

லியூ ஒரே தாவில் அவன் படகில் ஏறினாள். இறால் வாங்க ஆள் கூப்பிடும் ஒலிபெருக்கியின் மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! லியூ குளத்துக்கு நோயும் இல்ல நொடியும் இல்ல. ஓடு இறுகறதுக்கு முன்னால பிடிக்கச் சொன்னது இந்த டியெப்புதான்!"

வாய்க்காலின் இரு கரையிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். மைக்கைப் பறிக்க டியெப் கையை நீட்டினான்.

"கிட்ட வா. நோயின்னு சொன்ன குளத்து இறாலை இப்ப மொத்தமாக் கேட்டியே, அதையும் சொல்றேன்" என்றாள், மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே.

அவன் கையை இறக்கிக்கொண்டான்.