இரண்டு நூற்றாண்டுகளில் குடித்தனம்

தார்ன்வெல் மாளிகையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினேழாம் நூற்றாண்டைக் கொடுத்தார்கள். என் மனைவி தவமலருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கிடைத்தது.

"புருசன் பெண்சாதியை ஒரே நூற்றாண்டில விடுறதுதான் வழக்கம்," என்றார் மேலாளர் பெல்லமி. "இப்ப இடமில்லை."

பெல்லமி ஆங்கிலேயர். அந்த வீட்டில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசினார்கள். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

வீடு முதலில் ஒரு மரக்கூடமாக இருந்ததாம். பிறகு வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்தார்கள். ஒருவர் ஓக் மரப் படிக்கட்டு வைத்தார். அவருடைய பேரன் மரச்சுவரை மறைத்து வெள்ளைக் கல்லில் முகப்புக் கட்டினார். இன்னொருவர் சமையலுக்கென்று பின்பக்கமாகப் பெரிய குசினியை இழுத்துவிட்டார். பழையதை யாரும் இடிக்கவில்லை. அதனால் என் பக்கத்தில் மெழுகுதிரியும் அவள் பக்கத்தில் காஸ் விளக்கும் எரிந்தன. எனக்குப் பனி கொட்டும் மாரி காலம். அவளுக்குக் கோடை.

நான் படிக்கட்டுக்கு மெழுகு பூசினேன். அவள் செப்புப் பாத்திரங்கள் துலக்கினாள்.

எங்களுக்கு நடுவே பதினெட்டாம் நூற்றாண்டு இருந்தது. அது இரண்டு பக்கமும் சுவர் வைத்த ஒரு நீண்ட நடை. மத்தியானத்தில் தவமலர் அதன் வழியாக எனக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுவருவாள். முதல் வாரம் சொதி சுடச்சுட வந்தது.

பிறகு நடை நீளத் தொடங்கியது. பெல்லமியிடம் சொன்னேன்.

"அந்தக் காலத்து ஆக்களுக்கு வீட்டுக்குள்ள உலாத்த விருப்பம்," என்றார் அவர். "அதுதான் நீளுது."

சொதி ஆறி வந்தது. அடுத்து, புளித்து வந்தது. ஒரு நாள் தவமலர் நரைத்து வந்தாள்.

அவளைக் கதிரையில் இருத்தினேன். காதோரம் ஒரு கற்றை முழு வெள்ளையாக இருந்தது.

"வெளிக்கிடேக்க இல்லை," என்றாள். "பாதி வழியில வந்தது."

"இனி நீர் வரவேண்டாம்."

"அப்ப உங்களுக்கு ஆர் சாப்பாடு தாறது?"

"இஞ்ச பாண் குடுக்கினம்."

"பாண் தின்னுற ஆளோ நீங்கள்."

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்துவிட்டுப் பாத்திரத்தோடு திரும்பிப் போனாள். அவள் உருவம் சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்த்து நின்றேன். அந்த நரை மட்டும் கடைசிவரை தெரிந்தது.

அடுத்த நாள் அவள் புறப்படுமுன் நான் புறப்பட்டேன். அவளுக்கு வந்தது எனக்கும் வரட்டும் என்று நினைத்தேன். ஆனால் நடையின் நடுவில் ஒரு மேசன் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். தன் பெயர் ஜோப் என்றார்.

"என்ன கட்டுறியள்?"

"முகப்பில இடப்பக்கத்தை விட வலப்பக்கம் ஒரு சன்னல் கூடிப்போச்சு. அதை அடைக்கச் சொல்லி உத்தரவு. நடையையும் சேர்த்து."

"ஆரின்ர உத்தரவு?"

"முகப்பின்ர."

"அங்கால என்ர மனுசி இருக்கிறா."

ஜோப் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். "கனகாலமோ கலியாணம் செய்து?"

"ஓம்."

"அப்ப ஒரு கல்லை வைக்காமல் விடுறன். முகப்பு முன்னுக்குத்தான் பாக்கும். பின்னுக்கு நடக்கிறது அதுக்குத் தெரியாது."

மத்தியானம் அந்த ஓட்டைக்குள் தவமலரின் கை வந்தது. பிடித்தேன். வெயிலில் காய்ந்த துணிபோல் சூடாக இருந்தது.

"ஐயோ, உங்கட கை விறைச்சுப் போச்சு," என்றாள்.

"இஞ்ச பனி கொட்டுது."

"இதுக்குள்ள விடுங்கோ. கொஞ்ச நேரம் காயட்டும்."

தோள்வரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கை கோடையில் இருந்தது. மிச்ச உடம்பு நடுங்கியது. தினமும் மத்தியானம் இப்படி நின்றோம். அவள் குசினிக் கதைகள் சொன்னாள். நான் படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். படிக்கட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருந்தாலும் அவள் கேட்டாள்.

பிறகு முகப்புக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஓட்டை சுருங்கியது. முழங்கை வரைதான் போனது. பிறகு மணிக்கட்டு. கடைசியில் ஒரு சுண்டுவிரல்.

"இஞ்சேருங்கோ," என்றாள் சுவருக்கு அப்பாலிருந்து. குரல் மெலிந்திருந்தது. "இந்தப் பெரிய வீட்டில எங்கள் ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு நூற்றாண்டு கூட இல்லையோ?"

நான் நேரே பெல்லமியிடம் போனேன். அடுத்துக் கட்டப்போகும் பகுதியை யாருக்காவது கொடுத்துவிட்டார்களா என்று கேட்டேன்.

"அது இன்னும் கட்டேல்லை," என்றார். "தெற்குப் பக்கம் வரும். இப்ப வெறும் புல்லு."

"ஆரும் இருக்கினமோ?"

"ஒரு செம்மறி நிக்குது."

"அதை எங்களுக்குத் தாருங்கோ."

"செம்மறியையோ?"

"நூற்றாண்டை."

பெல்லமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூரை இல்லை, மிஸ்டர் சிவபாதம்."

"பரவாயில்லை."

"சுவரும் இல்லை."

"அதுதான் வேணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

நான் முன்வாசலால் வெளியே வந்தேன். பெல்லமி ஆளனுப்பிச் சொன்னதும் தவமலர் குசினி வாசலால் வந்தாள். தெற்குப் பக்கப் புல்வெளியில் மாரியும் இல்லை, கோடையும் இல்லை. அங்கே காலநிலையை யாரும் இன்னும் தீர்மானிக்கவில்லை. செம்மறி எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கி இடம் விட்டது.

அவளுக்கு முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். அவள் என் விறைத்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நாங்கள் முழுதாக ஒருவரை ஒருவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு புல்லில் நடந்தாள்.

"இதில குசினி," என்றாள். "இது படுக்கிற அறை. இதில நீங்கள் சும்மா இருக்கிறதுக்கு ஒரு இடம்."

"சும்மா இருக்கவோ?"

"ஓம். படிக்கட்டு வேண்டாம்."

பாயை விரித்து இருந்தோம். அங்கே இருப்பது சுகமாக இருந்தது. பின்னேரம் பெல்லமி குடையோடு வந்தார். புல்லின் ஓரத்தில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"எங்க தட்டுறது?" என்று கேட்டார்.

தவமலர் எழுந்து கையைக் காட்டினாள். "உதில தட்டுங்கோ."

அவர் அந்த இடத்தில் மெல்லத் தட்டினார். சத்தம் கேட்டது.

"வாங்கோ," என்றாள். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

பெல்லமி சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். குடையை மடக்கினார். வாசல் நிலையில் இடிக்காதபடி தலையைக் குனிந்து உள்ளே வந்தார்.