வெங்காயக் கேக்குக்குக் கட்டுப்பட்ட வீடு

2003ஆம் ஆண்டு ஐப்பசியில், இல்-பிசார் தீவில் அருமைநாதன் வாங்கிய வீடு ஆற்றை நோக்கி நடக்கத் தொடங்கியது. முதல் கிழமை ஓரடிக்குமேல் போகாததால் ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த மாதம் தக்காளி விலை ஏறியதுதான் எங்கள் ஆட்களிடையே பெரிய கதை. முதலில் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவி கிறேஸ். குசினி யன்னலுக்கு நேரே நின்ற மேப்பிள் மரம் ஒருநாள் விடிய முன்னறை யன்னலுக்கு நேரே நின்றது. "மரம் எங்கையாவது நடக்குமே? நீர் முதல்ல கண்ணாடியை மாத்தும்" என்றார் அருமைநாதன். மனுசன் சொன்னதிலும் பிழையில்லை, மரம் நடக்கவில்லைத்தான். நகரசபையிலிருந்து ஒருவர் வந்து நாடா பிடித்து அளந்து, வீடு நகர்ந்தது உண்மை, ஆனால் இன்னும் உங்கள் காணிக்குள்தான் நிற்கிறது, ஆகவே அபராதம் இல்லை என்று சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் வீட்டின் போக்குக்குத் தாமாகவே நீண்டுகொடுத்தன. ஆனால் வளவின் பின்பக்கம் வேலி கிடையாது. வேலி இருக்கவேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. துறைமுகத்தில் பாரம் ஏற்றி இறக்கிய அருமைநாதனும், ஜான்-டலோன் சந்தையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விற்ற கிறேஸும், பார்க் எக்ஸ்டென்ஷனில் வாடகைக்குக் கரப்பான்பூச்சியோடு குடியிருந்த காலமெல்லாம் கனவு கண்டு வாங்கிய வீடு அது. அது ஆற்றுக்குள் இறங்கினால் அவர்களுக்கும் மகள் ஷெரோனுக்கும் போக்கிடம் இல்லை.

வீட்டை விற்ற வெர்னர் என்ற ஜெர்மன்காரர், மறந்துவிட்டுப்போன பனி அள்ளும் சவளை எடுக்க வந்தபோதுதான் விஷயம் வெளித்தது. அவர் வீட்டைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், இன்றைக்குச் சனிக்கிழமையல்லவா, கேக் போடவில்லையா என்று பிரெஞ்சில் கேட்டார். காலஞ்சென்ற அவருடைய மனைவி அந்த வீட்டுக்கு வந்த நாள்தொட்டுச் சனிக்கிழமை தவறாமல் வெங்காயக் கேக் போடுவாராம். வீடு அந்த வாசத்துக்குப் பழகிவிட்டதாம். மனைவி போனபிறகு இவர் கடையில் வாங்கிச் சூடுகாட்டி ஒருமாதிரிச் சமாளித்தாராம், வீட்டுக்கு அது பிடிக்கவில்லையாம். விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கிறேஸ் கேட்டதற்கு, நீங்கள் கூரை ஒழுகுமா என்று மட்டும்தானே கேட்டீர்கள் என்றார். எப்படிச் செய்வது என்று கேட்டால், தனக்குத் தின்னத்தான் தெரியும் என்று கையை விரித்தார். மா, ஈஸ்ட், வெங்காயம், முட்டை, புளித்த கிறீம், புகைபோட்ட பன்றியிறைச்சியான பேக்கன், சீரகம் மாதிரி ஏதோ ஒரு விதை. அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம்.

சீரகம் மாதிரி என்றால் சீரகம்தானே என்று கிறேஸ் நினைத்தது எங்கள் ஆட்கள் எவரும் விடக்கூடிய பிழை. சீரகத்தை வறுத்துப் போட்டு, கையோடு கையாய்ப் பச்சை மிளகாயும் ஒரு நெட்டுக் கறிவேப்பிலையும் சேர்த்து, வெங்காயத்தைச் சிவக்கப் பொரித்து ஒரு கேக் சுட்டார். நல்ல ருசி. ஷெரோன் தட்டை வழித்துத் தின்றாள். வீடு மட்டும் அவண் அடுப்பின் சூடு ஆறமுன் ஒரே எட்டில் ஆற்றுப்பக்கம் பாய்ந்ததில் அலுமாரியிலிருந்த கோப்பைகள் நொறுங்கிப்போயின. அடுத்த சனிக்கிழமைக்குள் சந்தையில் வாசனைச் சரக்கு விற்பவரைப் பிடித்து, சீரகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இருக்கும் காரவே விதையைக் கொண்டுவந்தார். இளஞ்சூட்டுப் பாலில் ஈஸ்டைக் கரைத்து மாவைக் குழைத்து, ஈரத்துணியால் மூடி, ஹீற்றருக்குப் பக்கத்தில் பொங்கவிட்டார். வெங்காயத்தை மெல்லிசாய் அரிந்து, பட்டரில், சின்ன நெருப்பில், கண்ணாடி மாதிரி வரும்வரை வதக்கினார். சிவக்கமுன் வெங்காயத்தை இறக்குவது எங்கள் பெண்டுகளுக்குப் பூசை முடியமுன் எழும்பி வருவதுபோல, மனம் ஒப்பாது, ஆனாலும் இறக்கினார். முட்டையும் கிறீமும் அடித்து ஊற்றி, பேக்கனைச் சின்னஞ்சிறிதாய் வெட்டிப்போட்டு, தட்டில் பரப்பிய மாவின்மேல் கொட்டி அவணுக்குள் தள்ளினார். வாசம் கிளம்பியதும் வீடு மூட்டெல்லாம் முறிவதுபோல ஒரு சத்தம் போட்டு நின்றது. அந்த மாரி முழுக்கச் சனிக்குச் சனி கேக். வீடும் கட்டையில் கட்டிய மாடு மாதிரி அசையவில்லை.

பிறகு, உயிர்த்த ஞாயிறு வரைக்குமான நாற்பது நாள் தவசுகாலம் வந்தது. அருமைநாதன் மன்னாரில் பேசாலையில் பிறந்தவர். வள்ளம் கவிழ்ந்து, கடலில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, உயிர் தப்பினால் தவசுகாலம் முழுவதும் தன் வீட்டுக்குள் இறைச்சி வராது என்று மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தவர். ஆகவே கிறேஸ் பேக்கன் இல்லாமல் கேக் போட்டார். வீடு மணந்து பார்த்துவிட்டு நடந்தது. அடுத்த சனிக்கிழமை காளான் போட்டார், அதற்கும் நடந்தது. பங்குனி முடிய ஆற்றில் பனிக்கட்டி உடைந்து வெள்ளம் ஏறியது; வீடு ஒருபக்கத்தாலும் ஆறு மறுபக்கத்தாலும் வந்துகொண்டிருந்தன. கிறேஸுக்கு நித்திரை அற்றுப்போனது. ஷெரோன் பள்ளிக்கூடப் பையையும் சப்பாத்தையும் முன்வாசலுக்கு வெளியே வைக்கப் பழகினாள். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடித்து வந்து பார்த்தால் பின்வாசல் படிகளைக் காணவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை, மாவைப் பொங்கவைத்துவிட்டு, பக்கத்துவீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒளித்துவைத்திருந்த பேக்கனை ஜாக்கெற்றுக்குள் மறைத்துக்கொண்டு கிறேஸ் வந்தார். அருமைநாதன் வாசலை மறித்து நின்றார்.

"வீடு போனாப் போகட்டும், கிறேஸ். நேத்தி போகக்கூடாது."

"நேத்தி வைச்சது நீங்கள். தண்ணிக்குள்ள போறது நானும் பிள்ளையுமெல்லோ?"

"மாதா என்னைக் கைவிடேல்லை."

"ஓம், கடலுக்கை கைவிடேல்லை. அதுக்காக ஆத்துக்கையும் இறங்கிப் பாக்கப் போறியளே?"

அருமைநாதன் அழுதார். கல்மனம் படைத்த மனுசன் என்று அவரை இத்தனை வருசமும் திட்டிய கிறேஸுக்குக் கோபமும் பாவமும் ஒன்றாய் வந்தன. வெள்ளம் தலைக்குமேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். கணுக்காலில் நிற்கும்போது சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்து இருவரின் பாதத்தையும் நனைத்தது. கிறேஸ் பேக்கன் பொதியை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார். உப்பு. புகை. வேறு என்ன கிடக்கிறது இதில்? அவர் பொதியை முன்வாசலால் வெளியே எறிந்துவிட்டு, கதிரை போட்டு ஏறி மேல்தட்டைத் துழாவினார். சம்பலுக்கு வைத்திருந்த மாசி, அவித்துப் புகைகாட்டிக் கட்டையாய்க் காயவைத்த மீன், கையில் தட்டுப்பட்டது.

"இஞ்சேருங்கோ, மாசி மீன்தானே, இறைச்சி இல்லையே?"

"மீன்தான்."

"அப்ப இடியுங்கோ."

முழங்காலளவு வந்துகொண்டிருந்த தண்ணீரில் நின்று அருமைநாதன் மாசி இடித்தார். கிறேஸ் அதைப் பட்டரில் பிரட்டி வெங்காயத்தோடு சேர்த்தார். மின்சாரம் நிற்காதது மாதாவின் செயல் என்று அருமைநாதன் இன்றைக்கும் சொல்வார். வாசம் எழுந்தது. வீடு சரிந்தபடியே நின்றது. இன்னும் கொஞ்சம் சரிந்தது. ஷெரோன் தாயின் கையைப் பிடித்தாள். பிறகு வீடு ஒரு காலை எடுத்துப் பின்னுக்கு வைத்தது. தண்ணீர் வந்த வழியே வெளியே ஓடியது. மூவரும் நின்றநிலையிலேயே, வாய் சுடச்சுட, அந்தக் கேக்கைத் தின்றார்கள்.

அடுத்த கிழமை நேர்த்தி முடிந்த சந்தோசத்தில் கிறேஸ் பேக்கன் போட்டுப் பார்த்தார். வீடு முகத்தைத் திருப்பியது. அன்றுதொட்டு மாசிதான். கோடையில் வெர்னர் வந்து ஒரு துண்டு தின்று, இது அவள் சுட்டது இல்லை என்றார். இன்னொரு துண்டு தின்றார். போகும்போது வாசல் நிலையில் தட்டிக்கொடுத்தார். வீடு அவரை யாரென்று கேட்பதுபோல நின்றது.

2008 ஆவணியில் றொறன்ரோவில் ஒரு கலியாணத்துக்குப் போன இடத்தில் சனிக்கிழமை தவறிப்போனது. திரும்பி வரும் வழியெல்லாம் கிறேஸ் செபமாலையை உருட்டிக்கொண்டு அந்தரப்பட்டார். தீவுக்குப் போகும் பாலத்தில் வாகனங்கள் வரிசையாய் நின்றன. வீடு ஆற்றுக்குப் போகவில்லை. பாலத்தின் மறுமுனையில், றொறன்ரோவிலிருந்து வரும் திசையைப் பார்த்தபடி, வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. ஒரு பொலிஸ்காரர் வாகனங்களைச் சுற்றிப் போகச்சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார். கிறேஸ் காரைவிட்டு இறங்கி ஓடினார். "சனியனே, எங்களைத் தேடியே இவ்வளவு தூரம் வந்தனீ?" என்று கதவில் முகத்தை வைத்து அழுதார். பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. கிறேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுத் திறப்பை எடுத்தார்.

"மாப் பொங்க ஒரு மணித்தியாலம் செல்லும், பொலிஸ்காரரைப் பொறுக்கச் சொல்லு" என்று ஷெரோனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.